இரவல் மடி

மழைக்காலத்தில் திருத்தணிக்கு வராதீர்கள் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? டிவியில் புயலைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவான். அதைப் பார்த்துக்கொண்டே குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். மின்சார ரயிலை விட்டு இறங்கும்போதே பாதி நனைந்திருப்பார்கள், மலைக்கு வரும் பஸ்ஸில் மீதி. மேலே வந்ததும், ஊர் தெரியவில்லையே, ஏரி தெரியவில்லையே, ஒரே மேகமாக இருக்கிறதே என்று என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொள்வார்கள். நானா மேகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினேன்?

என் பெயர் ரத்தினம்மாள். மலைமேல் மொட்டை போடும் கொட்டகைக்கு எதிரில் சந்தனம் விற்கிறேன். மழை நாளில் மொட்டைத் தலைக்குப் பூசிவிடும் சந்தனம் தலையில் நிற்காது, கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கிவிடும். அதற்கும் எனக்குத்தான் திட்டு. நானும் சும்மா இருக்க மாட்டேன், திருப்பிக் கொடுத்துவிடுவேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்பது மலைமேல் குரங்குக்குக்கூடத் தெரியும். அந்த வாயால் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் இது என் கதை இல்லை, கஜபதியின் கதை.

கஜபதி என் கடைக்குப் பக்கத்தில் குல்லா விற்கிறவன். மொட்டை போட்ட குழந்தைகளுக்கு மாட்டுகிற துணிக் குல்லா. ஒரு மூங்கில் கழியில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கும். மழை வந்தால் அதற்குப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிட்டுத் தான் நனைந்துகொண்டு நிற்பான். வயது ஐம்பதை நெருங்குகிறது. கல்யாணம் இல்லை. கீழே ஊரில் நானும் அவனும் ஒரே தெரு. அவன் அரைஞாண் கயிற்றோடு ஓடித் திரிந்ததைப் பார்த்தவள் என்பதால் எனக்கு அவன் 'அவன்'தான்.

குழந்தைக்கு முதல் மொட்டை தாய்மாமன் மடியில்தான் எடுக்க வேண்டும். வருகிறவர்கள் தேங்காய், பழம், குழந்தைக்கு மாற்றுத்துணி என்று எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்து வருவார்கள். தாய்மாமன் மட்டும் இருக்க மாட்டான். துபாயில் இருப்பான், லீவு கிடைத்திருக்காது. இல்லையென்றால் ஏதோ சண்டையில் பேச்சு நின்றிருக்கும். முடியெடுப்பவர் பிளேடை மாட்டிக்கொண்டு, "மாமன் யாருங்க, வந்து உக்காருங்க" என்பார். குடும்பம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும். குழந்தையின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிடும்.

அப்போது கஜபதி குல்லாக் கழியை என் கடைமேல் சாத்திவிட்டுப் போவான். வேட்டியை ஒதுக்கிச் சம்மணம் போட்டு உட்காருவான். "இங்க குடு தங்கச்சி. நான் உக்கார்றேன்."

யார், என்ன ஊர், என்ன சாதி, ஒன்றும் கேட்க மாட்டான். அம்மாவின் முகத்தையும் பார்க்க மாட்டான். குழந்தையிடம் மட்டும் பேசுவான். வீறிட்டு அழுகிற குழந்தைகூட அவன் மடியில் அடங்கிவிடும். முடிந்ததும் ஒரு குல்லாவை எடுத்து மாட்டிவிட்டு, "மாமன் சீரு" என்று சிரிப்பான். காசு வாங்க மாட்டான். "வியாபாரம் பண்ண வந்தியாடா, சொந்தம் சேக்க வந்தியா?" என்று நான் வைவேன். அதற்கும் சிரிப்பான்.

இவ்வளவு பேருக்கு மாமனாக உட்கார்ந்தவன் சொந்தத் தங்கச்சி குழந்தைக்கு உட்காரவில்லை.

தங்கச்சி பெயர் வரலட்சுமி. அவளுக்கு ஆறு வயதில் அப்பா போய்விட்டார், இரண்டு வருஷத்தில் அம்மாவும். கஜபதிதான் சோறாக்கிப் போட்டான், தலை சீவிவிட்டான், சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டான். அவளுக்காகத்தான் அவன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டது, அது அப்படியே தள்ளிப்போய்விட்டது. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துப் பத்திரிகையும் அடித்தான். பத்திரிகை வைக்க ஆரம்பித்த வாரம், அவள் அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டுகிற குமரேசனோடு போய்விட்டாள். வேறு சாதி. போலீஸ் ஸ்டேஷனில் அண்ணனையும் குமரேசனையும் நிற்கவைத்து, "யாரோடம்மா போற?" என்று கேட்டார்கள். அவள் அண்ணன் பக்கம் திரும்பாமல் குமரேசனைக் காட்டினாள். வேறு எப்படிக் காட்டுவாள்? பயந்த பெண். ஆனால் அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. "அவ ஓடிப்போனது கூட இல்லக்கா. ஒரு தடவ என்னத் திரும்பிப் பாத்திருக்கலாம்ல?" என்று என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னான்.

முருகனுக்கே கோபம் தணிந்த மலை என்கிறார்கள். சஷ்டிக்கு மற்ற ஊர்களில் சூரனை வதைக்கும்போது இங்கே பூவைக் கொட்டி அர்ச்சனை செய்கிறார்கள். அந்த மலையில் தினம் எட்டு மணி நேரம் நின்றும் இந்த ஆளுக்குத் தணியவில்லை.

வரலட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அபிநயா என்று பெயர், அபி என்று கூப்பிடுவார்கள். குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது, தட்டில் வெற்றிலை பாக்கு, வேட்டி துண்டு வைத்துக்கொண்டு அண்ணனை அழைக்க வந்தாள். அவன் கதவைத் திறக்கவில்லை. முதல் மொட்டையை ஒற்றைப்படை வயதில்தான் எடுப்பார்கள். அதனால் மூன்றாவது வயதில் மறுபடி வந்தாள். அன்றைக்கும் திறக்கவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருக்க, தட்டோடு திரும்பிப் போனாள். நான் எதிர்வீட்டு வாசலில் நின்று பார்த்தேன்.

போன ஐப்பசியில், தூறலில் முக்காடு போட்டுக்கொண்டு ஒருத்தி என் கடை முன்னால் வந்து நின்றாள். கஜபதி அப்போது சாப்பிடப் போயிருந்தான். சந்தனம் கேட்கிறாள் என்று நினைத்தேன். முக்காட்டை விலக்கினால் வரலட்சுமி.

"அக்கா, பாப்பாவுக்கு அஞ்சு நடக்குது. தை பொறந்தா ஆறு" என்றாள். "எங்க மாமியாரு, உங்க அண்ணன் வரமாட்டான், யாரு மடியிலனா வெச்சி எடுத்துடுன்றாங்க. முடி இடுப்பு வரைக்கும் வந்துச்சி. மழையில காயவே மாட்டேங்குது, எப்பப் பாரு சளி, ஜொரம்."

"எடுத்துட வேண்டியதுதானேடி?"

"வேற யாரோ மடியில எடுத்துட்டா, நாளைக்கு அது பெரியவளானா யாருக்கா சீர் கொண்ணாந்து நிப்பாங்க? எங்க பக்கத்துல எனக்கு யாரு இருக்காங்க?" என்றாள். அழவில்லை. ஆறு வருஷமாக அழுது முடித்திருப்பாள் என்று தோன்றியது.

அங்கேதான் என் வாய் குறுக்கே வந்தது. "அவன் யாரு புள்ளைனாலும் உக்காருவான்டி. அம்மா மொகத்தப் பாக்கவே மாட்டான். வர்ற கிருத்திகைக்குக் கூட்டியாந்துடு. உன் வீட்டுக்காரர அவனுக்குத் தெரியும், அவரு கீழயே இருக்கட்டும். உன் நாத்தனார் கையில கொழந்தையக் குடுத்து அனுப்பு. நீ முக்காட்டோட தூணுக்குப் பின்னால நில்லு. மடியில உக்காந்துட்டா அப்பறம் எழுந்திரிப்பானா? ரத்தம் பேசாதா?"

"தெரிஞ்சா கோச்சிக்குமே அண்ணன்."

"தெரியட்டும். தெரிஞ்சா அழுவான். அழுதா சரியாயிடும்."

எவ்வளவு தைரியமாகச் சொன்னேன்! தாய்மாமனை வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைக்க வேண்டும், அவன் வருகிறேன் என்று சொல்ல வேண்டும். அழைக்காத மாமனும் சம்மதிக்காத மாமனும் மடிக்கு ஆகாது. எனக்குத் தெரியாததா? தினம் ஆயிரம் பேருக்கு முறை சொல்லிக் கொடுக்கிறவள் நான்.

கிருத்திகை அன்று விடியற்காலையில் பிடித்த மழை விடவில்லை. காவடி எடுத்தவர்கள் பூவெல்லாம் உதிர்ந்து வெறும் கட்டையைச் சுமந்து படியேறினார்கள். கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. ஈர முடி தரையெல்லாம் ஒட்டிக் கிடந்தது. பத்தரை மணி வாக்கில் சுதா, அதுதான் குமரேசனின் தங்கை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே கேட்டாள்.

"அண்ணா, கொழந்தையோட மாமன் வரல. நீங்க உக்காருவீங்கன்னு சொன்னாங்க."

"ஆங், குடும்மா."

நான் சந்தனக் கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கஜபதி உட்கார்ந்தான். அபி மடியில் உட்கார்ந்தாள். இரண்டு சடையையும் அவிழ்த்துத் தண்ணீர் தெளித்தார்கள். முதல் மழிப்பில் நெற்றிக்கு மேலிருந்து கனமான முடி விழுந்தது. குழந்தை உதட்டைப் பிதுக்கியது.

"அழுவக் கூடாது கண்ணு. உன் பேரு இன்னா?"

"அபி."

"எந்த ஊருலேந்து வந்துகிறீங்க?"

"அம்மையார்குப்பம்."

தலையைப் பிடித்திருந்த அவன் கை அப்படியே நின்றது. நிமிர்ந்து தூண் தூணாகப் பார்த்தான். மூன்றாவது தூணுக்குப் பின்னால் ஈரச் சேலையில் வரலட்சுமி. முக்காடு சரிந்திருந்தது. அவளைப் பார்த்துவிட்டு அவன் என்னைப் பார்த்தான். நான் குனிந்துகொண்டேன். அந்தக் குனிவிலேயே எல்லாம் புரிந்திருக்கும் அவனுக்கு.

எழுந்துவிடுவானோ என்று பயந்தேன். குழந்தைக்குப் பாதித் தலை மழித்திருக்கிறது, பாதியில் முடி தொங்குகிறது. அவன் எழவில்லை. குழந்தையின் தாடையை இன்னும் கவனமாகப் பிடித்துக்கொண்டான். காதுக்குப் பின்னால் பிளேடு போகும்போது காதை விரலால் மடக்கிக் கொடுத்தான். ஒரு கீறல் விழவில்லை. நான் உள்ளுக்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

குழாயடியில் குளிப்பாட்டிக் கொண்டுவந்தார்கள். நான் சந்தனம் பூசினேன். வரலட்சுமி பையைத் திறந்து தட்டை எடுத்தாள். வெற்றிலை பாக்கு, மஞ்சள், வேட்டி துண்டு. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். மழைத்தண்ணீர் அவள் முழங்கையில் வழிந்து தட்டில் சொட்டியது.

"அண்ணா, வாங்கிக்கண்ணா."

கஜபதி எழுந்து வேட்டியிலிருந்த முடியைத் தட்டினான்.

"இந்தக் கொட்டாயில எத்தினியோ புள்ளைக்கு உக்காந்துகிறேன்" என்றான். குரல் ஏறவே இல்லை. "ஒருத்தர் கிட்டயும் தட்டு வாங்கினது இல்ல. இதுவும் அதுல ஒண்ணு."

"அப்டின்னா என் பொண்ணுக்கு மாமன் மடி கெடைக்கலையாண்ணா?"

"அத உன்னக் கூட்டியாந்தவங்களக் கேளு."

அவள் என் பக்கம் திரும்பினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முதல் முடி ஒரு தடவைதான். அது போய்விட்டது. அண்ணன் மடியில்தான் போனது, ஆனால் அண்ணன் தரவில்லை. தட்டைப் பைக்குள் வைத்தாள். வெற்றிலை மடங்கிவிடாமல் பார்த்து வைத்தாள். கஜபதியின் கை பழக்கத்தில் கழியிலிருந்து ஒரு சிவப்புக் குல்லாவை எடுத்துக் குழந்தைக்கு மாட்டிவிட்டது. 'மாமன் சீரு' என்று மட்டும் சொல்லவில்லை. அவர்கள் மழையில் இறங்கிப் போனார்கள்.

நான் போய் அவன் கையைப் பிடித்தேன். "தப்பு பண்ணிட்டன்டா. என்னத் திட்டு. அந்தப் பொண்ணு இன்னாடா பண்ணுச்சி?"

"என்னை ஏமாத்தி உக்கார வெச்சிட்டீங்கக்கா" என்றான். "ஊருக்கெல்லாம் மடிய இரவல் குடுத்தேன். தங்கச்சி புள்ளைக்கு அத நானா குடுக்கணும்ல? எனக்குன்னு இருந்ததே அது ஒண்ணுதான்."



அப்புறம் புயல் வந்தது. இரண்டு நாள் மலைக்கு ஆள் ஏற விடவில்லை. மூன்றாம் நாள் கடை திறந்தபோது அவன் என்னிடம் பேசவில்லை. வேலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்து மாமன் இல்லை என்று நின்றது. முட்டி வலி, உட்கார முடியாது என்று சொல்லிவிட்டான். அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும்? யாரோ ஒரு காவலாளி உட்கார்ந்தார், குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

எட்டு பத்து நாள் இப்படிப் போனது. ஒருநாள் மத்தியானம் ஆள் நடமாட்டமே இல்லை. மேகம் கொட்டகைக்குள் வந்துவிட்டது, பக்கத்தில் இருக்கிற அவன்கூட எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"அக்கா, அன்னிக்கி அந்தப் பொண்ணுக்குக் காது குத்தினாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லடா. மொட்டை முடிஞ்சதும் குத்தறதா இருந்தாங்க. அப்டியே எழுந்து பூட்டாங்களே."

காது குத்துவதும் மாமன் மடியில்தான். இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று அவன் அத்தனை நாளும் மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறான். "நானே போயி, நான் உக்கார்றேன், குத்துங்கன்னு சொல்லப் போறேன். நீங்க கூட வரணும்" என்றான். ஏமாற்றிய என்னையே துணைக்குக் கூப்பிட்டான். வேறு யார் இருக்கிறார்கள் அவனுக்கு?

மறுநாளே கிளம்பினோம். புதுச்சட்டை போட்டிருந்தான். கடைவீதியில் ஒரு ஜோடி தங்கத் தோடு வாங்கினான். கடைக்காரன் காட்டியதில் சின்னதை ஒதுக்கிவிட்டு, கல் வைத்ததை எடுத்தான். சின்ன டப்பாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் குலுங்கும்போதெல்லாம் தொட்டுப் பார்த்தான். ஜன்னல் தார்ப்பாய் கிழிந்து மழை உள்ளே அடித்தது. வழியெல்லாம் வயலில் தண்ணீர் நின்றது. "திட்டுவாளாக்கா?" என்று கேட்டான். "திட்டட்டும்டா. திட்டினா நல்லது" என்றேன். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என் யோசனைகளில் எனக்கே நம்பிக்கை போயிருந்தது.

அம்மையார்குப்பத்தில் கரண்ட் இல்லை. எந்நேரமும் தறிச் சத்தம் கேட்கிற தெருவில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. வீட்டை விசாரித்துக்கொண்டு போனோம். வாசலிலேயே அபி நின்றிருந்தாள், கூரைத் தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு. இரண்டு காதிலும் பொட்டுப் பொட்டாகத் தோடு. சுற்றிலும் மஞ்சளும் எண்ணெயும் தடவியிருந்தது. காது மடல் இன்னும் சிவந்திருந்தது.

நான் பார்த்த அதே நேரத்தில் அவனும் பார்த்துவிட்டான். குடையை மடக்க மறந்து அப்படியே நின்றான்.

"நைனா, யாரோ வந்துகிறாங்க" என்று அபி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். குமரேசன் எட்டிப் பார்த்தார், உள்ளே போய் வரலட்சுமியை அனுப்பினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எங்களைப் பார்த்து ஒரு நொடி நின்றாள். கோபப்படுவாள், அழுவாள், கதவைச் சாத்துவாள் என்று என்னென்னவோ நினைத்து வந்திருந்தோம். அவள் ஒன்றும் செய்யவில்லை.

"மழையில நின்னுகினு இருக்கீங்களே. உள்ள வாங்க" என்றாள். பாய் போட்டாள். துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்தாள். யார் வீட்டுக்கு வந்தாலும் செய்கிற மரியாதை, ஒன்றும் குறையில்லை.

"காது..." என்றான் கஜபதி.

"போன வியாழக்கெழம குத்திட்டோம். அவரு கூட்டாளி ஒருத்தரு மடியில வெச்சோம். அந்தக் கூட்டாளிக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல. இனிமே எல்லாத்துக்கும் நான் வந்து நிக்கிறேம்மான்னு சொல்லிகிறாரு" என்றாள். குத்திக் காட்டிச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். குத்திக் காட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அபி கதவோரம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரும்மா இவரு?"

வரலட்சுமி குழந்தையைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"அன்னிக்கி மலமேல உன்ன மடியில வெச்சிகினு இருந்தாரே, அவரு" என்றாள். "காப்பி வெக்கிறேன், இருங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

'உன் மாமன்டி' என்று கத்த எனக்கு வாய் துடித்தது. ஒருமுறை பேசியது போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கஜபதியும் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுக்கவும் இல்லை. எடுத்து எந்தக் காதில் போடுவது?

அபிக்குப் பயம் தெளிந்துவிட்டது. மெல்ல அவன் பக்கத்தில் வந்து, "முடி மொளைச்சிடுச்சி பாருங்க" என்று தலையைக் குனிந்து காட்டினாள். வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் இப்படிக் காட்டுகிறாள் போலிருக்கிறது. கறுப்பாக, பொடிப்பொடியாக முளைத்திருந்தது.

ஊர்க் குழந்தைகள் தலையையெல்லாம் கேட்காமல் தடவியவன், தொடலாமா என்று என்னைப் பார்த்தான்.